காரணம் சொல்லும் தெரு

ஆவாரங்குளத்தில் ரத வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. தேர் ஓடுவதற்காகப் போட்ட அந்தத் தெருவில் வருசத்துக்கு ஒருமுறை தேர் ஓட, மற்ற நாளெல்லாம் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் வாழைத்தார் ஏற்றிய வேனும் பிள்ளைகளைத் திணித்துக்கொண்ட பள்ளிக்கூட வண்டியும் ஓடின. ஓடின என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான், உண்மையில் அவை நின்றன, நின்ற இடத்திலிருந்தே ஒன்றையொன்று பார்த்து அலறின, அந்த அலறலில் மணிக்கூண்டுப் புறாக்கள் வேறு ஊருக்குக் குடிபோயின, கல்யாணச் சேலை எடுக்க வந்த பெண்கள் 'நீலம்' என்று சொன்னது கடைக்காரர் காதில் 'ஏலம்' என்று விழுந்தது.

தெரு அப்படி அலறும்போதெல்லாம் ரத வீதி வியாபாரிகள் நலச் சங்கம் கூடும். கூடி, டீ குடித்து, வடை சாப்பிட்டு, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்துக் கலையும். செய்யாமலும் இல்லை. நடுத்தெருவில் வைக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் கூம்புகள் வாங்கினார்கள். பூக்காரிகள் அவற்றைக் கவிழ்த்துப் பூக்கூடைக்குத் தாங்கலாக வைத்துக்கொண்டார்கள். விசில் ஊதப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை நியமித்தார்கள்; நகைக்கடைக்காரர் அவரைத் தன் வாசலுக்கே இழுத்துக்கொண்டார். தெருவை ஒருவழிப் பாதை ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கிழக்கிலிருந்து மேற்கே விடலாம் என்றால் ஒரு பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், மேற்கிலிருந்து கிழக்கே விடலாம் என்றால் மறுபக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், தீர்மானம் விழுந்துவிடும்.

விழுந்துவிழுந்து போகும் அந்தத் தீர்மானத்தைச் சளைக்காமல் கொண்டுவந்தவள் சங்கத்தின் செயலாளர் தங்கபுஷ்பம். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். தப்பான பக்கம் வரும் மினி பஸ்ஸுக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள் என்றால் பஸ் தானாகப் பின்னால் போகும்; ஓட்டுநர் ரிவர்ஸ் போட்டாரா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. ரத வீதியிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் தங்கபுஷ்பம்தான் என்று ஊரே நம்பியது.

அவளிடம் வெள்ளை நிற ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதை அவள் ஓட்ட மாட்டாள். காலையில் வீட்டிலிருந்து கடைக்குத் தள்ளிக்கொண்டே வருவாள், சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போவாள். சில வருசங்களுக்கு முன் மணிக்கூண்டுத் திருப்பத்தில் எங்கிருந்தோ வந்த வெளியூர் வேன் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுப் போனதில் அவள் காலில் தகடு வைத்தார்கள், கால் ஆறிவிட்டது. "நடந்தாத்தான் காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினால் அவள் வயிற்றுக்குள் என்னவோ கயிறு அறுந்த வாளி மாதிரி இறங்கியது, அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும், அவள் கணவர் அருள்ராஜ் வாத்தியாருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அந்த வருசம் ஒருவழித் தீர்மானம் மறுபடியும் விழுந்த கோபத்தில் தங்கபுஷ்பம் கடையில் மிஞ்சிக்கிடந்த மஞ்சள் பெயிண்டையும் கறுப்புப் பெயிண்டையும் எடுத்து, ஒரு தகரத்தில் தன் கையாலேயே எழுதி, ஆள் வைத்து மணிக்கூண்டில் மாட்டினாள். 'காரணமின்றி ஒலி எழுப்பாதீர். இப்படிக்கு, வியாபாரிகள் நலச் சங்கம்.' அதை வாசித்த எல்லோரும் வாசித்துக்கொண்டே ஹாரன் அடித்துப் போனார்கள்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட நேரம். ஷேர் ஆட்டோ இசக்கிமுத்து முன்னால் போன பைக்கைப் பார்த்து வழக்கம்போல ஹாரனை அழுத்தினான். ஆட்டோவிலிருந்து இசக்கிமுத்துவின் குரலே, தூங்கி எழுந்த முகத்தோடு அம்மாவிடம் பேசுகிற மாதிரி ஒரு மென்மையோடு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"அவசரம்லாம் ஒண்ணுமில்ல. அவன் என்னை முந்திட்டான், அதான்."

இசக்கிமுத்து ஹாரனைப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். அதற்குள் எதிரே வந்த மினி பஸ்ஸில் ஓட்டுநர் மிக்கேல் நீளமாக ஒரு அழுத்து அழுத்த, அது நீளமாகவே பேசியது: "காலையில உப்புமாவைப் போட்டுட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அந்தக் கோவத்தை நான் எங்க போயி காட்டுவேன்." நடத்துநர் தலையை வெளியே நீட்டி "அண்ணே, அதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டான். புல்லட்டில் வந்த வட்டிக்கடைக்காரர் அடித்த ஹாரன் "எல்லாரும் என்னைத் திரும்பிப் பாருங்க" என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடுத்த சந்தில் வண்டியை விட்டு மறைந்துபோனார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ரத வீதியின் இந்த வளைவுக்கும் அந்த வளைவுக்கும் இடையில் யார் ஹாரன் அடித்தாலும் அது காரணத்தைச் சொன்னது. வளைவைத் தாண்டினால் பழையபடி அலறியது. ஜவுளிக்கடை காதர் மைதீன், சங்கத்தின் துணைத் தலைவர், அன்று மத்தியானம் தங்கபுஷ்பத்தின் கடைக்கு வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"போர்டுல காரணமில்லாமன்னு எழுதினது நல்லதாப் போச்சு புஷ்பம்மா. வெறுமனே ஒலி எழுப்பாதீர்னு எழுதியிருந்தா எவன் கேட்டிருப்பான்?"

"ஆமா பாய். சத்தமும் குறைஞ்சிருக்கு."

"இன்னைக்கு ஒரு அம்மா 'நீலம்'னு சொன்னாங்க. எனக்கு 'நீலம்'னே கேட்டுச்சு" என்றார் அவர், கண் கலங்க.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடிக்குமுன் எல்லோரும் ஒரு நொடி யோசித்தார்கள், யோசித்ததில் பாதிப் பேருக்குக் காரணமே அகப்படவில்லை, கையை எடுத்துக்கொண்டார்கள். சிலர் நல்ல காரணமாக ஒன்றை மனதுக்குள் தயார் செய்து வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தார்கள், ஹாரன் ஏமாறவில்லை. கல்யாணத்துக்குப் போன ஒரு காரின் ஹாரன், "முகூர்த்தத்துக்கு லேட்டுன்னு சொல்லத்தான் நினைச்சேன், ஆனா பந்தி முடிஞ்சிருமோன்னுதான் பறக்கேன்" என்று தெருவிடம் ஒப்புக்கொள்ள, தெரு சிரித்துக்கொண்டே வழிவிட்டது, பந்தியும் ஒரு காரணம்தானே என்று பழக்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். விசாரிக்க வந்த பெண் எஸ்.ஐ. ஜீப்பின் ஹாரனை அழுத்திப் பார்த்தார். "இந்த வெயில்ல ஒரு மோர் கிடைச்சா தேவல" என்றது. நாலு கடையிலிருந்து மோர் வந்தது. அவர் மோரைக் குடித்துவிட்டு, போக்குவரத்து சீராக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

ஒருநாள் மேற்கு வளைவுக்குள் ஒரு டாட்டா ஏஸ் புகுந்தது. சரியான நெரிசல் நேரம். அதை ஓட்டி வந்த பையனின் ஹாரன், "என் தங்கச்சிக்கு வலி வந்துருச்சு, தலைப்பிரசவம், எனக்குக் கையெல்லாம் நடுங்குது" என்று சொல்லி முடிக்குமுன் தெரு இரண்டாகப் பிரிந்தது; வாழைப்பழத் தள்ளுவண்டியைப் பழத்தோடு தூக்கிக் கோயில் படியில் வைத்தார்கள், காதர் மைதீன் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைப் பெண்களை இரண்டு கைக்கும் இரண்டாக அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார், மிக்கேல் பஸ்ஸைப் பாத்திரக்கடை வாசலுக்குள் பாதி நுழைத்துவிட்டார், தங்கபுஷ்பம் நடுத்தெருவில் ஓடி முன்னால் வழி காட்டினாள், கால் வலித்தது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்தது பெண் குழந்தை. அந்த அண்ணன்காரன் திரும்பி வந்து கடைகடையாக ஏறி மிட்டாய் கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டிலேயே பிள்ளை பிறந்த மாதிரி, எவ்வளவு எடை, யார் ஜாடை என்று கேட்டார்கள்.

இன்னொரு நாள் ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண்ணின் ஹாரன், "காலையில வீட்டை விட்டுக் கிளம்பினது, இன்னும் ஒண்ணுக்குப் போகல, இத்தனை கடை இருக்கிற தெருவுல பொம்பளைக்கு ஒரு இடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டது. அந்தப் பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கேள்வி தெருவில் நின்றது. பெண்கள் கழிப்பறை வேண்டும் என்று தங்கபுஷ்பம் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறாள்; அப்போதெல்லாம் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். காதர் மைதீன் தன் கிடங்கின் ஓரத்தில் இடம் கொடுத்தார், பாத்திரக்கடைக்காரர் குழாய் கொடுத்தார், தங்கபுஷ்பம் ரோஸ் நிறப் பெயிண்ட் கொடுத்தாள். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வருவதற்குள் பூக்காரிகள் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சங்கத் தலைவர் பரமானந்தத்தின் கார் ஒருநாள் ஒரு மாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் வரை.

பரமானந்தம் அல்வாக் கடைக்காரர். தும்பைப்பூ வேட்டி, சந்தனப் பொட்டு, எந்த மேடையிலும் கடைசியாகப் பேசுகிற ஆள். ஹாரன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஹாரனையே தொட்டதில்லை. அன்று மாடு நகராமல் நிற்க, பழைய பழக்கத்தில் கை போய்விட்டது.

"வீட்டுல ஒருத்தரும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்காங்க" என்றது கார், அவருடைய மேடைக் குரலில் இல்லை, வேறொரு குரலில். "மருமகன்கூட டிவியைப் பார்த்துக்கிட்டேதான் தலையாட்டுதாரு. நீயாவது கேளேன்."

மாடு கேட்டது. திரும்பிப் பார்த்து ஒதுங்கி நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். தெருவே அவரை அனுதாபத்தோடு பார்த்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவசரக் கூட்டம் என்று ஆள் விட்டார்.

கல்யாண மண்டபத்து மாடியில் மின்விசிறிகள் சுற்ற, பரமானந்தம் எழுந்து மணிக்கூண்டுப் போர்டைக் கழற்றிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். "சத்தம் குறைஞ்சிருக்கு, நான் இல்லேங்கல. ஆனா மனுசன் மனசுல ஆயிரம் இருக்கும். அதைத் தெருவுல கொட்டணுமா?" என்றார். பலர் தலையாட்டினார்கள், ஏனென்றால் பலருடைய ஹாரன்களும் எதையாவது சொல்லி வைத்திருந்தன.

தங்கபுஷ்பம் எழுந்தாள். "அண்ணாச்சி, அந்தப் போர்டு இல்லாட்டா அந்தப் பிள்ளை வண்டியிலயே பிறந்திருக்கும்."

"இரு தங்கச்சி, நான் பேசி முடிச்சுக்கிடுதேன்" என்று பரமானந்தம் அவள் பக்கம் திரும்பினார். கோபம் அவரைக் கெட்டவராக்கவில்லை, கூர்மையாக்கிவிட்டது. "எல்லார் ஹாரனும் பேசிருச்சு. பாய் ஹாரன் பேசிருச்சு, மிக்கேல் ஹாரன் பேசிருச்சு, என்னதும் பேசிருச்சு. உன்னது என்ன பேசுச்சு? உங்கிட்ட வண்டி இருக்கு. தள்ளிக்கிட்டே வாற, தள்ளிக்கிட்டே போற. ஒரு நாளாவது ஏறி ஓட்டி ஹாரன் அடிச்சிருக்கியா? அடுத்தவன் மனசு மட்டும் தெருவுல கிடக்கலாமோ?"

அவள் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றுகொண்டது.

"நாளைக்குக் காலையில ஓட்டுதேன்" என்றாள். "மணிக்கூண்டுல நின்னு அடிக்கேன். அதுக்கப்புறம் போர்டு இருக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

கைதட்டினார்கள். அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அருள்ராஜ் வாத்தியார் வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன் இப்படி வாயை விட்டேன்னு தெரியல" என்று அவள் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"டயர்ல காத்து அடிச்சுட்டேன். பிரேக்கும் பார்த்துட்டேன்."

"நான் அதைக் கேக்கலங்க."

"தெரியும்" என்றார் வாத்தியார். துணியை உதறி மடித்தார். "நான் வேணா பின்னாடி உக்காந்துக்கிடட்டுமா?"

"நீங்க உக்காந்தா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். பயந்துக்கிட்டு உக்காந்திருப்பேன். துணைக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாம்" என்றாள். "எல்லாரும் தங்கபுஷ்பம்னா பெரிய இதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. நாளைக்கு அது போயிரும். இந்தக் குரலை வச்சுத்தான் நான் பஸ்ஸையே நிறுத்துதேன். அது போச்சுன்னா ஒரு தீர்மானமும் கொண்டுவர முடியாது, ஒரு பய மதிக்க மாட்டான்."

வாத்தியார் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். "மழை வராதுன்னு நினைக்கேன்" என்றார்.

காலையில் தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். தேரோட்டத்துக்கு நிற்கிற மாதிரி கடைப்படிகளிலும் மாடிகளிலும் நின்றார்கள், அப்பளக்காரர் அவர்களுக்கு நடுவே நல்ல வியாபாரம் பார்த்தார். தங்கபுஷ்பம் கிழக்கு வளைவு வரை வண்டியைத் தள்ளி வந்தாள், அங்கே நின்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள். வயிற்றுக்குள் வாளி இறங்கியது. இறங்கட்டும் என்று கைப்பிடியைத் திருகினாள். வண்டி போயிற்று. நடந்து வருகிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில் போயிற்று, அவள் கைகள் இரும்பாகிக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டன, பாத்திரக்கடை வந்தது, ஜவுளிக்கடை வந்தது, அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை, மணிக்கூண்டு ஒன்றுதான் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் விழுந்த இடத்தில், அதே இடத்தில், அவள் வண்டியை நிறுத்தினாள். பின்னால் மிக்கேலின் மினி பஸ், இசக்கிமுத்துவின் ஆட்டோ, அதற்குப் பின்னால் பரமானந்தத்தின் கார், அதற்கும் பின்னால் தெரு முழுக்க வண்டிகள்.

அழுத்தினாள்.

"பயமா இருக்கு" என்றது ஸ்கூட்டர். தெரு அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல், ஆனால் அவளுடையதுதான். "இங்க விழுந்தேன்ல, அன்னையிலிருந்து பயமாத்தான் இருக்கு. டாக்டர் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன். கொஞ்சம் பார்த்துப் போங்க எல்லாரும்."

அப்பளம் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு காலைத் தரையில் ஊன்றியபோது, பின்னால் மினி பஸ் பேசியது.

"எனக்கும் பயந்தான்" என்றது மிக்கேலின் ஹாரன். "இந்தத் திருப்பம் வந்தா அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கிட்டு ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் திருப்புதேன்."

"ஐயையோ, எத்தனை வருசமா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் கத்தினாள்.

"எனக்கும்" என்றது ஆட்டோ. "ஸ்கூல் பிள்ளையளை ஏத்தினா இறக்கி விடுத வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கு." காரைத் தாண்டி ஒரு பைக், "எனக்கும்." தண்ணீர் லாரி, "இவ்வளவு பெரிய வண்டியை வச்சுக்கிட்டு எனக்குத்தான் ரொம்பப் பயம், கீழே யாரு நிக்கான்னே தெரிய மாட்டேங்கு." எனக்கும், எனக்கும் என்று அது தெருவோடு ஓடிப்போனது, கிழக்கு வளைவு வரை போய், அங்கே நின்ற சைக்கிள்காரர் ஒருவர் தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மணியை அடிக்க, அதுவும் கிணுகிணு என்று "எனக்கும்" என்றது. எல்லோரும் அடித்து முடித்தபின் ஒரே ஒரு வண்டிதான் பாக்கி. தெரு பரமானந்தத்தின் காரைப் பார்த்தது.

அவர் கண்ணாடிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரும் வற்புறுத்தாமல், தானாகவே அழுத்தினார்.

"ஒருவழி ஆக்கினா என் கடைக்கு முன்னால வண்டி நிக்காது" என்றது கார். "வண்டி நிக்கலேன்னா ஆள் இறங்காது. எங்கப்பா ஆரம்பிச்ச கடை எங்கையில மூடிப்போச்சுன்னு ஆயிருமோன்னுதான் பயப்படுதேன். ஒவ்வொரு தடவையும் அதனாலதான் கையைத் தூக்கல. தீர்மானம் நல்ல தீர்மானந்தான்."

அதற்குப் பின் எழுந்தது பெரிய சத்தம், ஆனால் ஹாரன் சத்தம் அல்ல. எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள்: எனக்கும் அதே பயம்தான், எனக்கும் அதேதான், நீங்க பயப்படுதீங்கன்னு நான் நினைக்கல, நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன். காதர் மைதீன் படியில் ஏறி நின்று, "அப்போ எல்லாருக்கும் இருக்கிறது ஒரே பயந்தானே! இதுக்கா இத்தனை வருசம் தனித்தனியா எழுந்து நின்னோம்?" என்று கேட்டார். பரமானந்தம் காரைவிட்டு இறங்கி மணிக்கூண்டுக்கு வந்தார்; போர்டைக் கழற்றத்தான் வருகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் தங்கபுஷ்பத்தின் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று குரலைத் தணித்துக்கொண்டு, "கால் நிசமாவே ஆறிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆறிருச்சு அண்ணாச்சி."

"இங்கயே கூட்டத்தை வச்சுக்கிடுவோமா?"

நடுத்தெருவில், வண்டிகளுக்கு நடுவே, சங்கத்தின் கூட்டம் நடந்தது. இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத மிக்கேலும் இசக்கிமுத்துவும் பூக்காரிகளும் பேசினார்கள். வண்டிகள் கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறுவது, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் காலி இடத்தில் நிறுத்துவது, அங்கிருந்து கடைகளுக்கு நடந்து வர நிழலுக்குப் பந்தல் போடுவது என்று பேசிப் பேசி முடிவானது. பந்தலுக்கு நடுவில் அல்வா விற்க ஒரு சின்ன மேசை போட்டுக்கொள்ளட்டும் என்று பூக்காரிகள்தான் சொன்னார்கள். பரமானந்தம் நீளமாக நன்றி சொல்லிப் பேசினார். கடைசி வரை எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள், மாடியில் நின்றவர்கள்கூட. அவர் மருமகனும் நின்று கேட்டார். அன்று பேச்சு கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

பின்னால் மினி பஸ்களையும் பைக்குகளையும் சேர்த்துக்கொண்டு புதிய பாதையில் முதல் சுற்றுப் போனவள் தங்கபுஷ்பம்தான். மதிப்புப் போய்விடும் என்று நினைத்தாள் அல்லவா, அப்படியொன்றும் போகவில்லை. தப்பான பக்கம் வருகிறவன் முன்னால் அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் இப்போதும் வண்டி பின்னால் போனது, போகும்போது "மன்னிச்சிருங்கக்கா" என்றும் சொல்லிப் போனது. பயம் மட்டும் ஒரேயடியாக ஓடிவிடவில்லை. காலையில் வண்டியில் ஏறும்போது வயிற்றில் ஒரு அசைவு இருக்கும். இரு, வா, போவோம் என்று அதையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

இடித்துக்கொள்ள எதிர்வண்டி இல்லாமல் போனதும் ஹாரன் அடிக்கக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஐப்பசி வந்தபோது ரத வீதியில் நாள் முழுக்க ஒரு ஹாரன்கூடக் கேட்காத நாட்கள் வந்தன. தராசுத் தட்டு ஆடுவதும், தையல் மெஷின் ஓடுவதும், அல்வா கிண்டுகிற கரண்டி சட்டியில் உரசுவதும் கேட்டன. போன புறாக்களில் கொஞ்சம் திரும்பி வந்தன, திரும்பி வராதவற்றுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருக்கும். எப்போதாவது யாராவது ஹாரன் அடித்தால் கடைக்காரர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, விருந்தாளி வந்த மாதிரி வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

அப்படி ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், வெளி மாநிலத்து லாரி ஒன்று, முன்கண்ணாடியில் மாலையும் குஞ்சமும் ஆட, கிழக்கு வளைவில் வந்து நின்றது. ஓட்டுநர் தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர், தாடிக்காரர். முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஹாரனுக்குத் தெரிந்திருந்தது, கொஞ்சம் ஆவாரங்குளத்து இழுவையோடு கூட.

"வழி தவறிட்டேன். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. எம்மகளுக்கு இன்னைக்குப் பிறந்தநாள், போன்ல சார்ஜ் இல்ல."

தெரு முழுக்க வெளியே வந்தது. இசக்கிமுத்து சார்ஜர் எடுக்க ஓடினான். பரமானந்தம் மகளின் வயது என்ன, பெயர் என்ன என்று சைகையில் கேட்டுக்கொண்டே ஒரு பெரிய அல்வாப் பொட்டலம் கட்டினார். சாப்பாட்டுக் கடை மேற்கு வளைவைத் தாண்டி உள்ளே இருந்தது, லாரிக்கு வழி சொல்லிப் புரியவைக்க முடியாது, யாராவது முன்னால் போனால்தான் ஆகும்.

தங்கபுஷ்பம் கையிலிருந்த பெயிண்ட்டைத் துணியில் துடைத்தாள். ஸ்கூட்டரை எடுத்தாள். லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினாள். ஈரமான தெருவில் கடைகளின் வண்ணமெல்லாம் கிடந்தது. ஜவுளிக்கடைப் பொம்மைப் பெண்கள், பெயிண்ட் கடை, மணிக்கூண்டு, பந்தலுக்கு அடியில் பூக்காரிகள், எல்லோரும் கையை ஆட்டினார்கள். அவளும் ஒரு கையை எடுத்து ஆட்டினாள். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, சேலைத் தலைப்பு பின்னால் படபடத்தது. அப்போது முதுகுக்குப் பின்னால், மலை மாதிரி வந்த லாரி மெதுவாக ஒருமுறை ஹாரன் அடித்தது.

"அக்கா, கொஞ்சம் நிதானமாப் போங்க. இந்தத் தெருவைப் பார்த்துக்கிட்டே வாறேன்."

தங்கபுஷ்பம் சிரித்தபடி கைப்பிடியை இளக்கினாள்.